டிக் போட்டவள் நான்தான்

டிக் போடுவதற்கு மூளை வேண்டாம், பேனா இருந்தால் போதும். எண்டோஸ்கோப்பி அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் அப்படித்தான் போடுகிறீர்கள். போன மாதம் என்னைப் பேச அழைத்திருந்தீர்கள். அரை மணி நேரம் முன்னதாகவே வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 'பல் செட் கழற்றப்பட்டதா' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. மேஜையில் படுத்திருந்த பெரியவரின் வாயில் பல் செட்டும் இருந்தது. அங்கேயே கத்தியிருப்பேன். ரிட்டயர் ஆனவள் கத்தினால் கிழவிக்கு வேறு வேலையில்லை என்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

உன் யோக்கியதை என்ன என்று கேட்கலாம். கேளுங்கள். உங்கள் எல்லோரையும்விட மோசமான டிக்கைப் போட்டவள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம். குடல் அறுவைப் பிரிவின் தலைவரை நாங்கள் பெரிய டாக்டர் என்போம். நான் எண்டோஸ்கோப்பி அறையின் ஸ்டாஃப் நர்ஸ். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவேன். அந்த வருஷம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் எனக்கு உட்காரப் பிடிக்காது. அவ்வளவு பரபரப்பு. இதுவரை எங்கள் ஊரில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்யப் போகிறோம் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்.

விஷயம் இதுதான். பரம்பரைப் பாலிப் நோய் என்று ஒன்று உண்டு. பெருங்குடலின் உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன முளைகள், நூற்றுக்கணக்கில். சும்மா விட்டால் என்றாவது ஒரு நாள் அதில் ஒன்று புற்றுநோயாகும். அதனால் பெருங்குடலையே எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகுதான் தொல்லை. சிறுகுடலைக் கீழே இழுத்து ஆசனவாயில் தைப்பார்கள். உயிர் பிழைக்கும். ஆனால் தினம் ஏழெட்டுத் தடவை ஓட வேண்டும். பலருக்கு வயிற்றில் மலப் பையோடு வாழ்க்கை.

பெரிய டாக்டரின் யோசனை வேறு. பெருங்குடலை எடுத்துவிடுவது, கடைசி ஒரு சாண் குழாயை மட்டும் விட்டுவைப்பது. அந்தக் குழாயின் நோய்பிடித்த உள்தோலை உரித்துவிட்டு, அந்த இடத்தில் நோயில்லாத ஒருவருடைய சிறுகுடல் உள்தோலின் செல்களைத் தூவி வளரவிடுவது. "வயல சுத்தமா உழுதுட்டு நல்ல நாத்தா நடறது. அவ்வளவுதான் சிஸ்டர்" என்றார். நோயாளியின் செல்லையே நட முடியாது, அதிலும் அதே கோளாறு இருக்கும். திசு பொருந்துகிற அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாராவது தர வேண்டும். முயல்களில் பல மாதம் செய்து பார்த்தார். சில முயல்களில் செல்கள் பிடித்து வளர்ந்தன. நுண்நோக்கியில் அதை எனக்கும் காட்டினார். பச்சைப் பயிர் மாதிரி வரிசையாக நின்றது. நான் ஒரு நர்ஸ், எனக்கு அதைக் காட்ட வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. அன்று இரண்டு வேளை சாப்பாடு மறந்து போனது.

உள்தோலைக் கிழியாமல் உரிப்பதற்குக் கை பழக வேண்டும். அதற்கு ஆட்டுக்குடல். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பேட்டை கறிக்கடையில் வாங்கிப் பனிக்கட்டியில் வைத்து எடுத்துப் போவது என் வேலை. கடைக்கார பாய்க்கு நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்வது தெரியும்.

"இன்னா சிஸ்டர், உங்க டாக்டருங்கோ வாரா வாரம் குடல் கொழம்பாவே துன்றாங்களா?" என்பார்.

ஒரு முறை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எடுத்ததை அப்படியே பையில் போடு பாய் என்றேன். அவர் போடவில்லை. எந்தக் குடலையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, தண்ணீரில் அலசிப் பார்த்துவிட்டுத்தான் தருவார். அது அவர் பழக்கம். "திருப்பிப் பாக்காம எட்த்துக்கினு போவாத. வெளிய பாத்தா எல்லாக் குடலும் நல்லாத்தான் கீது" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு பஸ் போய்விட்டது. அவர் சொன்னது அப்போது என் காதில் ஏறவே இல்லை.

நோயாளி காயத்ரி. மயிலாப்பூர்ப் பெண், இருபத்து நான்கு வயது. தி. நகரில் கம்ப்யூட்டர் சொல்லித் தரும் ஒரு நிலையத்தில் ஆசிரியை. வகுப்பின் நடுவில் ஓடி ஓடி, கடைசியில் ரத்தம் கண்டு எங்களிடம் வந்தாள். உள்ளே பார்த்தோம், அதே நோய். அவளுடைய அப்பா குடல் புற்றுநோயில் இறந்தவர். இப்போது காரணம் தெரிந்தது. பெரிய டாக்டர் இரண்டு வழியையும் மறைக்காமல் சொன்னார். புது முறை பலிக்காமல் போகலாம், அப்போது பழைய முறைக்குத் திரும்ப வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். "பலிச்சா கிளாஸ் நடுவுல ஓடாம இருக்கலாமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள். இருக்கலாம் என்றார். "அப்போ பண்ணுங்கோ" என்றாள்.

செல் தர அண்ணன் ரகுராமன் வந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அவளைவிட மூன்று வயது மூத்தவன். திசுப் பரிசோதனை செய்தோம். அச்சு அசலாகப் பொருந்தியது. ரிப்போர்ட் வந்த அன்று பெரிய டாக்டர் எங்கள் அறை வாசலில் நின்று கை தட்டினார். அவர் கை தட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

செல் தருபவருக்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்ற பட்டியல் என் பொறுப்பு. டைப் அடித்ததே நான். ரத்தம், மஞ்சள் காமாலை, எக்ஸ்ரே, வாய் வழி எண்டோஸ்கோப்பி. கடைசி வரி கீழ் வழி எண்டோஸ்கோப்பி, ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்ப்பது. மற்ற எல்லாம் முடிந்தது. செல்லை வாய் வழியாகத்தான் எடுக்கப் போகிறோம், சிறுகுடலின் மேல் பகுதியிலிருந்து. அதனால் கீழ்ப்பக்கம் போகிற வேலையே இல்லை. ரகு கீழ்ப் பரிசோதனைக்கு இரண்டு தடவை தேதி வாங்கினான், இரண்டு தடவையும் வரவில்லை. மூன்றாம் தடவை என்னிடமே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அது வேண்டாமே சிஸ்டர். மேல் வழியா எத்தனை தடவை வேணும்னாலும் பாருங்கோ."

கூச்சம் என்று நினைத்தேன். ஆண்பிள்ளை, வாத்தியார், நான் பெண். எனக்கும் அவசரம். அறுவைக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஆள் ஒல்லியாக இருந்தாலும் முகத்தில் தெளிவு இருந்தது. ஆரோக்கியமானவன் என்று முடிவு கட்டினேன். அறுவை முடிந்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசி வரியில் டிக் போட்டேன். பார்க்காமலே போட்டேன். ஒரு வினாடி வேலை.

யாரும் என்னைக் கேட்கவில்லை. அண்ணனுக்கும் அதே நோய் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாடமே எடுப்போம். ஆனால் அவனை நாங்கள் அந்தக் குடும்பத்து ஆளாகப் பார்க்கவே இல்லை. செல் தருகிற ஆளாகத்தான் பார்த்தோம். கொடுக்க வருகிறவனை நோயாளியாக நினைக்கக் கண் மறுத்தது. சந்தோஷமாக இருக்கும்போது மனுஷனுக்குக் கண் இப்படித்தான் அவியும். கோபத்தில் செய்கிற தவறைவிட சந்தோஷத்தில் செய்கிற தவறு மோசம், அதை யாரும் தடுக்க வர மாட்டார்கள்.

அறுவை நாள். காயத்ரியைக் காலையில் மேல்மாடித் தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். ஒன்பது மணிக்கு வயிற்றைத் திறந்துவிட்டார்கள். பத்து மணிக்கு ரகுவிடமிருந்து உள்தோல் துண்டுகளை எடுக்க வேண்டும். லேபில் செல்களைப் பிரித்து, டப்பாவில் மேலே அனுப்ப வேண்டும். எங்கள் அறையில் எண்டோஸ்கோப்பி செய்ய ஒரு சின்ன டாக்டர், நான், மேஜையில் ரகு. தொண்டை மரத்துப் போக மருந்து அடித்தாகிவிட்டது. ஒரு ஃபாரம் எடுக்க வெளியே வந்தேன்.

வராந்தாவில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு டிபன் பாக்ஸ்.

"சிஸ்டர், அவனுக்கு எப்போ சாப்பிடக் குடுக்கலாம்? கருணைக்கிழங்கு மசியல் பண்ணிண்டு வந்திருக்கேன்."

சாயங்காலம் கஞ்சிதான் என்றேன்.

"கொஞ்சமாவது குடுத்துடுங்கோ. ரெண்டு நாளா ஆத்துல சாப்பிடலை. கருணைக்கிழங்கு இல்லேன்னா அவனுக்கு ரத்தமா போயிடும்."

நடந்துகொண்டிருந்தவள் நின்றேன். மூலம் என்றால் நம் ஊரில் முதல் மருந்து கருணைக்கிழங்கு. டாக்டரிடம் போகிறவன் யார்? எத்தனை நாளாக ரத்தம் போகிறது என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமா இருக்கும். மூலம்தான். அவா அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பி..."

முடிக்கவில்லை. தன் வாய் என்ன சொன்னது என்று அவருக்கே அப்போதுதான் கேட்டது. டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை. உள்ளே ஓடினேன்.

சின்ன டாக்டரிடம் சொன்னேன். அவர் கையில் குழாய் தயாராக இருந்தது. லிஸ்ட்டில் கீழே பார்த்தாச்சு என்று இருக்கிறதே என்றார். பார்க்கவில்லை என்றேன். இப்போது எடுத்துவிடலாம், மதியம் பெரிய டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம், மேலே வயிறு திறந்து கிடக்கிறது என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். புதிதாக வந்தவர், மேலே காத்திருப்பது பெரிய டாக்டர். ஆனால் மதியம் சொல்லி என்ன செய்வது? மதியத்துக்குள் நாற்று நட்டு முடிந்திருக்கும். நான் தியேட்டருக்கு போன் போட்டேன். அந்தக் காலத்தில் அறுவை நடக்கும்போது ஒரு நர்ஸ் நேராகப் பெரிய டாக்டரைப் பேசக் கூப்பிடுவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். யாரோ ரிசீவரை அவர் காதில் பிடித்தார்கள்.

"சார், ரகுராமனுக்கு ரெண்டு வருஷமா ரத்தம் போகுது. அவங்க அம்மா சொல்றாங்க."

"கீழ பாத்ததுல ஒண்ணும் இல்லையே?"

"பாக்கல சார்."

"டிக் இருந்துதே."

"நான்தான் போட்டேன். பாக்காம போட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி சார்."

"இருபது நிமிஷம். அதுவரைக்கும் நான் நிதானமா போறேன். பாத்துட்டுச் சொல்லு."

இதைக் கவனியுங்கள். மாதக்கணக்கில் உழைத்த மனிதர், கை எட்டும் தூரத்தில் பலன். அந்த நேரத்தில் ஒரு நர்ஸின் பேச்சைக் கேட்டு நின்றார். எனக்கு யாராவது குரு உண்டென்றால் அந்த இருபது நிமிஷத்தைக் கொடுத்த அந்த மனிதர்தான்.

ரகுவிடம் திரும்பிப் படு என்றேன். எழுந்து உட்கார்ந்துவிட்டான். தொண்டை மரத்து நாக்கு தடித்திருந்தது, குழறிக் குழறிப் பேசினான். கூச்சம் இல்லை அது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ரத்தம் போவது தெரிந்தால் உன் செல் வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துதான் தேதி தேதியாக ஓடியிருக்கிறான்.

"எனக்கு என்ன இருந்தாலும் அப்புறம் பாத்துக்கலாம் சிஸ்டர். அவ மேல படுத்துண்டிருக்கா. முதல்ல அவளுக்கு எடுங்கோ."

எனக்கு நயமாகப் பேச வராது. சொன்னேன். "உனக்கு இருந்தா அதையேதான் அவளுக்கும் நடப்போம். உரிச்சு எடுத்த இடத்துல அதே களையை நட்டுட்டுப் போறதுக்கா இவ்வளவு பாடு? படு."

படுத்தான். எனிமா கொடுத்தோம். சின்ன டாக்டர் குழாயைச் செலுத்தினார். நான் டிவி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இல்லை, இல்லை, இல்லை என்று வேண்டிக்கொண்டேன். முதல் வளைவுக்கே போகவில்லை. உள்சுவர் முழுக்க ஜவ்வரிசியை இறைத்து ஒட்டியது மாதிரி முளைகள். கொஞ்சம் தள்ளி, சுண்டைக்காய் அளவில் ஒன்று, தலை சிவந்து ரத்தம் கசிந்துகொண்டு. அதிலிருந்து ஒரு துண்டு எடுத்தோம். எடுக்க வேண்டிய துண்டு அதுதான் என்று ஆகிவிட்டது.

மறுபடி போன். "சார், தங்கச்சிக்கு இருக்கிற மாதிரியேதான்."

"லேபுக்குச் சொல்லிடு, டப்பா வேண்டாம்னு. அவனை வீட்டுக்கு அனுப்பாத. அட்மிட் பண்ணு" என்றார். போன் வைக்கப்பட்டது.

காயத்ரிக்குப் பழைய முறையிலேயே செய்தார். உள்தோலை உரித்து, சிறுகுடலை இறக்கிக் கையால் தைத்தார். சாயங்காலம் நான்கு மணிக்குக் கீழே வந்து, எங்கள் அறை ஸ்டூலில் உட்கார்ந்து, ஆறிப் போன காபியை அப்படியே குடித்தார். அந்தப் பட்டியலைக் கொடு என்றார். கொடுத்தேன். என் ராஜினாமாவை மனதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"நீ டிக் போட்ட. அதுக்குக் கீழ கையெழுத்து யாருது?"

அவருடையது.

"நானும் திருப்பிப் பாக்கல" என்றார். எனக்குக் கறிக்கடை பாய் ஞாபகம் வந்தது.

பிறகு பேனாவை எடுத்து டிக் போடுகிற கட்டங்களின் தலைப்பை அடித்துவிட்டு 'கண்ணால் பார்த்தவர் பெயர்' என்று எழுதினார். இன்று உங்கள் ஃபாரங்களில் இருக்கும் கடைசிக் கட்டம் அங்கிருந்து கை மாறி வந்தது. பெயர் எழுத வேண்டிய அந்தக் கட்டத்திலும் டிக் போடுகிற மகராசிகள் உங்களில் இருக்கிறார்கள். இதைப் படித்த பிறகும் போடுவீர்களானால் வேறு வேலை தேடிக்கொள்ளுங்கள்.

நான் போட்ட டிக் என்ன செய்திருக்கும் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். காயத்ரிக்கு நட்டது வீணாகியிருக்கும், சரி. அதைவிடப் பெரிய விஷயம் ரகு. ஆரோக்கியமானவன் என்று ஒரு மருத்துவமனையே அவனுக்குச் சொல்லியனுப்பியிருக்கும். அதற்கப்புறம் அவன் எந்த டாக்டரிடம் போவான்? ரத்தம் போனால் மூலம், அதற்குக் கருணைக்கிழங்கு. அப்பா போன வழியிலேயே போயிருப்பான். அந்தச் சுண்டைக்காயின் ரிப்போர்ட் வந்தது. நுனியில் புற்றுநோய் தொடங்கியிருந்தது. வேர் விடவில்லை.

மூன்று வாரம் கழித்து அவனுக்கும் அதே அறுவை. அவனை வார்டில் கொண்டு வந்து போட்ட மறுநாள் காயத்ரி பார்க்க வந்தாள். அவளுக்கே இன்னும் நிமிர்ந்து நடக்க வராது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"எனக்குத் தரேன்னு வந்துட்டு நீயும் படுத்துண்டுட்டயே, வெக்கமா இல்லை?"

அவன் சிரிக்கப் போய், தையல் இழுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டான். எதைச் சாப்பிட்டால் எத்தனை தடவை ஓட வேண்டும் என்று அவள் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வந்திருந்தாள். கணக்கு வாத்தியாருக்குத் தங்கை கணக்கு சொல்லிக் கொடுத்தாள். முதலில் இருவருக்கும் ஏழெட்டுத் தடவை. போகப் போகக் குறைந்தது. அவள் தி. நகர் வகுப்புக்குத் திரும்பினாள், கதவுக்குப் பக்கத்து மேஜையைக் கேட்டு வாங்கிக்கொண்டு.

செல் நடும் வேலையை அதன் பிறகு எங்கள் மருத்துவமனையில் யாருக்கும் செய்யவில்லை. பொருத்தமான ஆள் அமையவில்லை, பெரிய டாக்டரும் ஓய்வு பெற்றார். அந்த யோசனை தப்பு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். முயல் குடலில் அந்தப் பயிர் நின்றதைப் பார்த்தவள் நான். யோசனையில் தப்பில்லை, அதைக் கெடுக்க இருந்தது ஒரு டிக். உங்கள் காலத்தில் அது நடக்கும். நடக்கிற அன்று நீங்களும் பஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டு வருவீர்கள். அன்றைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ரகு எங்கள் அறைக்கு வந்தான். காதோரம் நரைத்திருந்தது. கூடப் பன்னிரண்டு வயதுப் பெண், பள்ளிக்கூட யூனிஃபார்மில், முகமெல்லாம் பயம். எந்தத் தேதியும் வாங்காமல், யாரும் கூப்பிடாமல் வந்திருந்தான்.

"என் பொண்ணு சிஸ்டர். கீழ் வழியாவே பாத்துடுங்கோ."

அந்தக் குழந்தை என்னைப் பார்த்து, வலிக்குமா என்று கேட்டது. கொஞ்சம் வலிக்கும் என்றேன். அப்பா அழுதாரா என்று கேட்டது. ஓடப் பார்த்தார் என்றேன். ரகு தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

டாக்டர் குழாயைச் செலுத்தினார். நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, அதற்கும் மேலே. எங்கும் இளஞ்சிவப்பாக, வழவழவென்று, சுத்தமாக இருந்தது. அடுத்த வருஷமும் வர வேண்டும், அதற்கடுத்த வருஷமும். அதை அவனிடம் சொன்னேன். தெரியும் என்றான்.

அவர்கள் உடை மாற்றப் போன பிறகு ஃபாரத்தை எடுத்தேன். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. அதில் என் பெயரை முழுசாக எழுதினேன்.